முகமூடிக்காரருக்கு ஒரு குளோசப்

கேரி தீவின் செம்பனைத் தோட்டத்துக் கடையில் கல்லூரி மாணவர்கள் ஹாக்கி போடச் சொன்னால், ரிமோட் காது கேட்காததுபோல் நடிக்கும். அதற்குத் தெரிந்த ஊர் மான்செஸ்டர், லிவர்பூல் மட்டும்தான்.

"அண்ணே, மலேசியா ஆடுதுண்ணே!"

"ஜெயிச்சா நாளைக்குப் பேப்பர்ல வரும்லா!"

தப்பித்தவறி ஹாக்கி ஓடினாலும் கேமராவுக்குக் கோல் அடிப்பவர்மீதுதான் காதல். பெனால்டி கார்னரில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வரும் பந்தை நோக்கி, முகமூடி மாட்டிக்கொண்டு ஒருவர் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து ஓடுவாரே, அவருக்குக் குளோசப் கிடையாது. முகமூடிக்குள் யாரென்று வீட்டாருக்கே சந்தேகம்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுடன் 2-2 என முடிந்த அரையிறுதியை, ஷூட்-அவுட்டில் 7-6 என வென்றது மலேசியா. கோல் காத்தவர் எஸ். குமார். அன்று எல்லோரும் ஹாக்கி நிபுணர்கள். இறுதியில் ஜப்பானுடன் 6-6, ஷூட்-அவுட்டில் தோல்வி. மறுநாள் எல்லோரும் மீண்டும் கால்பந்து நிபுணர்கள்.

1975-இல் உலகக் கோப்பை கோலாலம்பூருக்கே வந்தது. மலேசியா நான்காம் இடம். அப்போது வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி இல்லை, ஆட்டம் இருந்தது. இப்போது கைக்குக் கை திரை இருக்கிறது. ஆட்டத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கடைக்கார அண்ணன்மார்களே, ஹாக்கியில் ஒரு கால்பகுதி வெறும் 15 நிமிடம்தான். அதையாவது போடுங்கள். தே தாரிக் இன்னொன்று நாங்களே சொல்கிறோம்.