கடைசிக் குமிழி

ஜப்பானின் டாமியா நிறுவனம் 1979இல் ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’ என்ற ரிமோட் கார் கிட்டை விற்றது. பெயரிலேயே மணல்; ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய்.

இன்றைய கிட்டிலும் அதைக் கோப்பது ஒரு வைபவம்தான். தண்டில் பிஸ்டனை மாட்டி, ஓ-ரிங்கைச் செருகி, விரல் பருமன் குழாயில் சிலிக்கோன் எண்ணெயை விளிம்புவரை ஊற்றி, தண்டை மெல்ல மேலும் கீழும் ஆட்ட வேண்டும். குமிழிகள் ஒவ்வொன்றாக வெளியேறும். கடைசிக் குமிழி மட்டும், தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, கிளம்பாது. விட்டுவைத்தால் ஷாக் சளக் சளக்கென்று மானத்தை வாங்கும். மூடியை இறுக்கும்போது வழிவதைத் துடைக்க இருக்கவே இருக்கிறது வேட்டி.

இத்தனை சிரத்தையும் ஒரு பொம்மைக்கு! முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 2017இல் சாலை திறக்கும்வரை, தனுஷ்கோடி மணலில் ஆட்களை அடைத்துப்போன வேன்களில் ஷாக் அப்சார்பர் வேலையைப் பார்த்தது பயணியின் முதுகெலும்புதான். அதற்கு யாரும் எண்ணெய் ஊற்றவில்லை. ராமேஸ்வரம் திரும்பியபின் அவரவரே தேய்த்துக்கொண்டார்கள்.

இப்போது மனிதர்களுக்குத் தார்ச்சாலை, நாலு ஷாக் போட்ட பொம்மைக்கு மணல். ஒரு மாலை ஓட்டினால் போதும், தண்டில் ஒட்டிய மணல் ஓ-ரிங்கை அரிக்கத் தொடங்கிவிடும். பேரிங்கை உப்புக்காற்று பார்த்துக்கொள்ளும்.