மாப்பிளே, கொஞ்சம் தள்ளி உக்காந்து பேசு

வா மாப்பிளே, உக்காரு. இங்க இல்ல, திண்ணையோட அந்தக் கோடியில. காத்து இங்கிருந்து அங்க அடிக்குது, எனக்கு அதுதான் தோது.

ராசிபுரத்துல பொண்ணு பாத்திருக்கறாங்களாமே, உங்கம்மா சொன்னா. சந்தோசம். பொண்ணு ஊட்டுக்காரங்க உன் லாரியைப் பாப்பாங்க, காட்டைப் பாப்பாங்க, அதுல எல்லாம் நீ பாஸ். அப்புறம் பொண்ணும் மாப்பிள்ளையும் அஞ்சு நிமிசம் தனியாப் பேசட்டும்பாங்க பாரு, அங்கதான் எனக்குக் கவலை. நீ பேசுவே. அது மூச்சைப் புடிச்சுக்கிட்டுக் கேக்கும். நீ அதை வெக்கம்னு நெனச்சுக்குவே.

முறைக்காதே. வாய் நாறுதுன்னு சொல்லத் தாய்மாமனை வுட்டா உனக்கு ஆரு இருக்கறாங்க? கிளீனர் பையன் சொல்லமாட்டான், அவனுக்குச் சம்பளம் வேணும். உன் மூக்கும் சொல்லாது. பொழுதன்னிக்கும் கோழிப்பண்ணையில கெடக்கறவனுக்கு அந்த வாடை தெரியுதா? சந்தேகமா இருந்தா மணிக்கட்டை நக்கி, எச்சில் காஞ்சதும் மோந்து பாரு. இப்ப வேண்டாம், நான் சோறு திங்கோணும்.

வயித்துக் கோளாறுன்னு சீரகத் தண்ணி குடிக்கறயாம். வயிறு என்னடா பாவம் பண்ணுச்சு? முக்காவாசிப் பேருக்கு நாத்தம் வாய்க்குள்ளயேதான் பொறக்குது. நாக்கோட பின்பக்கம், தொண்டைக்குப் பக்கத்துல வெள்ளையாப் படிஞ்சிருக்குமே ஊத்தை, கிருமியெல்லாம் அங்கதான் குடியிருக்குது. பல்லிடுக்குல சிக்குன கறியைத் தின்னுபோட்டு அது வுடற காத்துல ஒண்ணு ஹைட்ரஜன் சல்பைடு. கூமுட்டையை உடைச்சா வருமே, அதே வாயுதான். நாமக்கல்லுல இருந்து ஊரூருக்கு நல்ல முட்டையா ஏத்திக்கிட்டுப் போறே. கூமுட்டையை மட்டும் வாயிலயே வெச்சிருக்கறே.

தூங்கறப்ப எச்சில் ஊறறது கொறையும். அதனால காலையில எல்லாருக்கும் வாய் நாறும், கலெக்டருக்கும் நாறும். உனக்குச் சாயங்காலமும் நாறுதே, அதுதான் சேதி. ராவெல்லாம் வண்டி ஓட்டறே, ஒண்ணுக்கு நிறுத்தோணுமேன்னு தண்ணி குடிக்கறதில்ல. வாய் காஞ்சா கிருமிக்குக் கொண்டாட்டம்.

பாக்கெட்டுல என்ன, நீலத் தண்ணி பாட்டிலா? கொப்புளிக்கற மருந்துக்கு ஒரு கதை இருக்குது, கேளு. லிஸ்டரின்னு ஒண்ணு, 1879-ல அமெரிக்காவுல ஆபரேசன் பண்ற எடத்துல கிருமியைக் கொல்லறதுக்குன்னு வந்தது. 1920-கள்ல, வாய் நாத்தத்தால கலியாணம் ஆகாம நிக்கற பொண்ணு படத்தைப் போட்டு விளம்பரம் பண்ணுனாங்க, வியாபாரம் எங்கயோ போயிருச்சு. மாப்பிள்ளை வாய் மட்டும் மல்லிகைப் பூவா மணந்துச்சாக்கும்! கொப்புளிச்சாக் கொஞ்ச நேரம் தாங்கும். ஊத்தை அங்கயே கெடந்தா மறுபடியும் நாறத்தான் செய்யும்.

எங்கப்பாரு வேப்பங்குச்சியில வெளக்கி முடிச்சதும், குச்சியை ரெண்டாப் பொளந்து நாக்கை வழிச்சுப்போட்டுத்தான் எந்திரிப்பாரு. நீ நுரையைத் துப்புனதும் செல்போனை எடுக்கறே. நாக்கு வழிக்கற தகடு ஒண்ணு வாங்கு. உள்ள இருந்து வெளிய, மெதுவா இழு. ஓங்கரிப்பு வரும், வரட்டும். காலையில வெளக்கறதைவிட ராத்திரி படுக்கப் போறப்ப வெளக்கறதுதான் முக்கியம். பல்லிடுக்குக்குன்னு மெடிக்கல்ல நூல் விக்குது, அதைப் போட்டு எடு. சாவியில குத்திக்கிட்டு இருக்காதே. பொண்ணு பாக்கப் போற முந்தின நாள் பூண்டுக் கொழம்பு வேண்டாம். அது ரத்தத்துல கலந்து நுரையீரல் வழியா மூச்சுல வரும், எந்த பிரஷ்ஷும் அங்க எட்டாது.

அப்புறம் அந்தக் கன்னத்துல என்ன ஒதுக்கி வெச்சிருக்கறே? காட்டு. ஹான்ஸ் பொகையிலையா? நான் பரமத்தி வேலூர்க் கொடிக்கால்ல வளந்தவன், வெத்தலையைக் கொறை சொன்னா எஞ்சோறே என்னைத் திட்டும். ஆனா பாக்கையே புற்றுநோய் வரவைக்கற பொருள்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் நிறுவனம் 2004-ல போட்ட அறிக்கையிலயே சொல்லிப்போட்டுது. பொகையிலையைப் பத்திச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டுல 2013-லயே குட்காவுக்குத் தடை போட்டாங்க. பொட்டிக்கடைக்காரனுக்கு மட்டும் சேதி இன்னும் போய்ச் சேரலையாட்டம் இருக்குது. ஹான்ஸ் வெச்சாத் தூக்கம் வராதுங்கறே. வாயில புண்ணு வந்தாலும் தூக்கம் வராது, மாப்பிளே.

இத்தனையும் செஞ்சு ரெண்டு வாரத்துல போகலைன்னா பல் டாக்டர்தான். வெளக்கறப்ப எகிறுல ரத்தம் வருதுன்னா ரெண்டு வாரமும் காத்திருக்காதே. பல்லு சுத்தம் பண்ணுனாப் பல்லு ஆடும்ங்கறது திண்ணைப் பேச்சு. உள்ள காரை எறுகி எகிறு கெட்டுக் கெடக்கறதாலதான் ஆடுது. காரையை எடுக்கறப்ப அது வெளிய தெரியுது, அவ்வளவுதான். பல்லுல ஒண்ணுமில்லைன்னா சைனஸ், டான்சில்னு பாப்பாங்க. இன்னொண்ணு, உங்கப்பனுக்குச் சக்கரை இருக்குதல்ல? வாயில பழுத்த பழ வாசம் அடிச்சு, வாந்தியும் மேமூச்சும் வந்தா, பழம் தின்னாருன்னு நெனச்சுக்காதே. அப்பவே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டு ஓடு.

உனக்குக் காசு செலவாகும்னு வேற கவலை. அரசு ஆசுபத்திரியில பல் டாக்டர் இருக்கறாரு, சேலம் பெரியாசுபத்திரியிலயும் பாக்கறாங்க. காலையில நேரமாப் போய்ச் சீட்டு வாங்கு. உள்ள போறதுக்கு முந்தி கன்னத்துல இருக்கறதைத் துப்பிப்போட்டு வாயைக் கொப்புளிச்சுக்க. அந்த டாக்டரும் மனுசன்தான்.