தரகர்களின் தாராளம்

தன்னிடம் வந்த வீட்டைப் போட்டித் தரகரிடமே சொல்லி, "ஆள் பிடித்துக் கொடுங்கள், கமிஷனில் பங்கு தருகிறேன்" என்று கேட்கும் மனசு எத்தனை பேருக்கு வரும்? அமெரிக்க வீட்டுத் தரகர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. சங்க அலுவலகத்தில் கூடி, விற்பனைக்கு வந்த வீடுகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மைதான் இன்று எம்எல்எஸ் என்ற பொதுப் பட்டியலாக வளர்ந்து நிற்கிறது. பொது என்றால் தரகர்களுக்குள் பொது. நாடு முழுக்கச் சுமார் 500 பட்டியல்கள். ஒரு நாட்டுக்கு ஒன்று போதாதா என்று கேட்பவர், அத்தனைக்கும் தனித்தனிச் சந்தா உண்டு என்பதை மறந்துவிடுகிறார்.

பட்டியலில் விலை, சதுர அடி, படுக்கையறைகள், புகைப்படம் எல்லாம் இருக்கும். வீடு வாங்க வருபவர் கண்ணில் படுவது ஒரு பகுதி; தரகர்கள் மட்டும் பார்ப்பது இன்னொரு பகுதி. பாமர மக்கள் குழம்பிவிடக் கூடாதே என்ற அக்கறை.

கருணையின் உச்சம் கமிஷன் கட்டம். வாங்குபவரின் தரகருக்கு எவ்வளவு என்பதை விற்பவரின் தரகர் அதில் குறித்தே ஆக வேண்டும் என்று 1990-களில் விதி வகுத்தார்கள். நாலு லட்சம் டாலர் வீட்டுக்கு ஆறு சதவீதம் கமிஷன் என்றால் 24,000 டாலர்; அதில் பாதி, விலையைக் குறைக்கப் பேரம் பேசுகிறவரின் ஆளுக்கு. எதிர்க்கட்சி வக்கீலுக்கும் நாமே ஃபீஸ் கட்டும் இந்தப் பண்பாடு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. விதியில் கெடுபிடியும் இருக்கவில்லை: ஒரு சென்ட் என்றுகூடக் குறிக்க முடிந்தது. அப்படிக் குறித்த வீட்டை எத்தனை தரகர்கள் ஆசையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள் என்பது அவரவர் மனச்சாட்சி. கட்டத்தில் இருந்த தொகையை வாங்குபவர் பார்க்க முடியாத காலமும் இருந்தது. "என் சேவை உங்களுக்கு இலவசம்" என்று தரகர் அவரிடம் சொல்லிக்கொள்ளவும் தடையில்லை. வீட்டு விலைக்குள் அந்தக் கமிஷன் ஒளிந்திருந்ததைச் சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

கமிஷன் விகிதத்தைச் சங்கம் நிர்ணயிப்பது சட்டவிரோதம் என்று வாஷிங்டன் தரகர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950-இலேயே சொல்லிவிட்டது. தரகர்களும் உடனே அடங்கினார்கள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பல்லாண்டுகள் ஊருக்கு ஊர் ஐந்து, ஆறு சதவீதம் என்றே பேசியது வெறும் மன ஒற்றுமை.

தேசியத் தரகர் சங்கத்தின் ஒழுக்க உணர்வையும் சொல்ல வேண்டும். 1924 நெறிமுறையில், சொத்து மதிப்பைக் குறைத்துவிடக்கூடிய இனத்தவரை ஒரு குடியிருப்புக்குள் கொண்டுவரக் கூடாது என்று தரகர்களுக்குக் கண்டிப்பாக எழுதிவைத்தார்கள். வீட்டை மட்டுமல்ல, எந்தத் தெருவில் யார் என்பதையும் பங்கிட்ட முன்யோசனை! பழைய இனப் பாகுபாட்டுக்குச் சங்கத் தலைவர் 2020-இல் மன்னிப்பும் கேட்டார். நூறு ஆண்டு நிறைவதற்குள் கேட்டுவிட்ட அந்த வேகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியுமா?

இத்தகையவர்கள்மேல்தான் மிசௌரியில் வீடு விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். கமிஷனைத் தூக்கிப்பிடிக்கச் சங்கமும் பெரிய நிறுவனங்களும் கூட்டுச் சதி செய்தன என்று கேன்சஸ் சிட்டி ஜூரி 2023 அக்டோபரில் தீர்ப்பளித்து, சுமார் 180 கோடி டாலர் இழப்பீடு என்றது. அடுத்த மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது, தவறை ஒப்புக்கொள்ளாமலே. செய்யாத தப்புக்கு இவ்வளவு பணம் எடுத்துவைக்கும் கை எவ்வளவு தாராளமானது!

அந்தச் சமரசத்தின்படி, 2024 ஆகஸ்ட் 17 முதல் பட்டியலில் கமிஷன் கட்டம் இல்லை. வீட்டைப் பார்க்கப் போகுமுன்பே வாங்குபவர் தன் தரகரின் கூலியை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விற்பவர் விரும்பினால் முன்போலவே வாங்குபவரின் தரகருக்கும் கொடுக்கலாம். எம்எல்எஸ்ஸில் மட்டும் எழுதக் கூடாது. தொலைபேசியில் சொல்லலாம், தரகர் தன் இணையதளத்தில் போடலாம். சட்டத்துக்கு இவ்வளவு பணிந்து நடக்கிறவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்க யாருக்குத்தான் மனம் வந்ததோ!