பிரயோஜன புருஷர்

எந்த வஸ்துவைத் தொட்டாலும் அதன் முழுப் பிரயோஜனத்தையும் பிழிந்தெடுத்துவிட வேண்டும் என்பதையே ஜன்ம தர்மமாகக் கொண்டவர் இவர். கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை வரும் பாயசத்தையும், ரயிலில் ஜன்னலோர ஆசனத்தையும், இலவசப் பிரசங்கத்தில் முதல் வரிசையையும் விட்டறியாத இந்த மகானுபாவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், இதுவரை கை வைக்காத ஒரே சரக்காகிய மௌனத்தின்மீது கண் வைத்தார்.

பர்மாவில் சயாஜி ஊ பா கின்னிடம் விபஸ்ஸனா தியானம் பயின்ற எஸ்.என். கோயங்கா 1969-இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கியதும், 1976 முதல் மகாராஷ்டிரத்து இகத்புரியில் மௌன முகாம்கள் நடந்துவருவதும் இவருக்குப் பெரிதாகப் படவில்லை. பத்து நாள் ஜாகைக்கும் போஜனத்துக்கும் கட்டணமே கிடையாது என்று காதில் விழுந்த க்ஷணத்தில்தான் இவருடைய ஆத்மா விழித்துக்கொண்டது.

முகாமில் சேர்ந்தபோது கைப்பேசியையும் பேனாவையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆகவே மனத்துக்குள் ஒரு பேரேடு திறந்தார். நாலு மணிக்கு அடிக்கும் மணிக்கு மூன்றே முக்காலுக்கே எழுந்து, கால் மணி நேரத்தை வரவு வைத்தார். முதல் மூன்றரை நாள் மூச்சைச் சும்மா கவனித்தால் போதும் என்றார்கள். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று தெரியாமல் கவனித்து என்ன லாபம் என்று எண்ணத் தலைப்பட்டார். மாலையில் பழமும் தேநீரும்தான் என்றறிந்து, பதினொரு மணிக்கே இராச் சாப்பாட்டையும் சேர்த்து முடித்துக்கொண்டதன் பலனாகப் பிற்பகல் தியானத்தில் குறட்டை எழுந்தது. பேச்சும் சைகையும் கூடாதென்ற விதியில் குறட்டையைப் பற்றிப் பிரஸ்தாபம் இல்லாததால், அதைப் பங்கமாக அவர் கருதவில்லை. கையும் காலும் அசையாமல், கண்ணும் திறவாமல் ஒரு மணி நேரம் அமரும் அதிட்டானத்தில் மாத்திரம் பதினேழு நிமிஷத்தைத் தாண்ட முடியவில்லை.

சந்தேகம் கேட்க அனுமதியுள்ள நண்பகல் வேளையில் ஆசாரியரை அணுகி, "பக்கத்து ஆசனத்துக்காரர் முகத்தில் நேற்றே தேஜஸ் வந்துவிட்டது. எனக்கு முழங்கால் வலிதான் கிடைத்திருக்கிறது. ஏதாவது விட்டுப்போயிற்றோ?" என்று வினவினார்.

"வலியையும் கவனியுங்கள். அதுவும் மாறிப் போய்விடும்."

"தேஜஸ் வந்தால்?"

"அதுவும்தான்."

கிடைப்பது ஒன்றும் நிலைக்காத இந்த வியாபாரத்தை எண்ணி அன்றிரவு அவருக்குத் தூக்கமில்லை.

பத்தாம் நாள் மௌனம் விலகியதும், ஒன்பது நாள் பாக்கியை ஒரே மூச்சில் பேசித் தீர்த்தார். கடைசியாக நன்கொடை மேஜைக்கு வந்தார். முகாமை முடித்தவரிடம் மட்டும், விருப்பமிருந்தால், பின்னால் வருபவர்களுக்காகப் பெற்றுக்கொள்வது அங்கே வழக்கம். தொகை இவ்வளவென்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பணப்பை பாதி திறந்தபடி நின்றார். கண்கள் செருகின, மூச்சு நுண்மையாயிற்று, எண்ணிக்கை நின்றது, கையும் காலும் அசையவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. இரசீதுப் புத்தகத்தோடு அமர்ந்திருந்த சேவகர், அந்த நிஷ்டையைக் கலைக்க மனமில்லாமல் காத்திருந்தார்.