எல்லாரையும் நம்பும் சட்டம்

1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டமே, உன் புகழைப் பாட அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காட்டிலிருந்து ஒரு குரலாவது எழ வேண்டாமா?

முதலில் உன் குலப்பெருமை. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், 312ஆம் பிரிவு: பெண்ணின் உயிரைக் காக்க அல்லாமல் கருவைக் கலைத்தால் மூன்றாண்டு வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசைந்த பிறகென்றால் ஏழாண்டு வரை. தானே கலைத்துக்கொண்டவளுக்கும் அதே தண்டனை. எருக்கங்குச்சி வைத்துச் செத்துப்போனவளை மட்டும் அது விட்டுவிட்டது. என்ன கருணை! வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன அந்தச் சொத்தை இன்றுவரை விற்காமல் காக்கிறோம். 2024 ஜூலை முதல் அதற்குப் பெயர் பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 88.

அடுத்தது உன் நிதானம். 1964இல் கருக்கலைப்பைப் பற்றி ஆராயச் சாந்திலால் ஷா குழு அமைந்தது, 1966இல் அறிக்கை தந்தது. 1971இல் நீ பிறந்தாய், 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தாய். அமெரிக்கப் பெண்கள் 1973இல் நீதிமன்றத்தில் பெற்ற உரிமையை 2022 ஜூனில் இழந்தார்கள். எங்களுக்கு அந்தத் துயரம் வராது. உரிமை என்று ஒன்றைக் கொடுத்திருந்தால்தானே பறிபோகும்? நீ கொடுத்தது மருத்துவருக்கு, தண்டனையிலிருந்து விலக்கு.

உன் நம்பிக்கையைச் சொல்லாமல் விடலாமா? 20 வாரம் வரை ஒரு மருத்துவரை நம்புகிறாய். 24 வரை, நீ பட்டியலிட்ட பெண்களுக்கு மட்டும், இருவரை. அதற்கு மேல், கருவில் பெருங்குறை என்றால் மருத்துவ வாரியத்தை. அதிலும் அடங்காதவளுக்கு மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. இத்தனை பேரும் கூடி அவள் வயிற்றைப் பற்றி ஒரு கருத்துக்கு வருகிறார்கள். அவளிடமும் சம்மதக் கையெழுத்து வாங்குகிறாய். முடிவு அவளுடையது என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. படித்தவர்கள் இத்தனை பேர் இருக்க, சுமக்கிறவளுக்கு எதற்கு அந்தப் பாரம்?

கல்யாணமாகாதவளுக்குக் கருத்தடை தவறவே தவறாது என்று ஐம்பதாண்டு நம்பினாயே, அது எத்தனை பெரிய மனது! 2021 திருத்தத்தில்தான் அந்த நம்பிக்கை தளர்ந்தது. அப்போதும், 20 வாரத்துக்கு மேற்பட்ட பட்டியலில் அவளுக்கும் இடம் உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது.

நீ வாரக் கணக்கில் கெட்டிக்காரன். திருச்சுழிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் கரிமூட்டத்தில் வேலை செய்பவளுக்கும் அதே கணக்குதான், பாகுபாடே இல்லை. நாள் தள்ளிப்போனதை அவள் வாய்விட்டுச் சொல்ல ஒரு மாதம். கூலியை விட்டு அருப்புக்கோட்டைக்கு ஒரு நாள், அங்கிருந்து விருதுநகருக்கு ஒரு நாள், மதுரைக்கு ஒரு நாள். ஸ்கேனுக்குத் தனியாக ஒரு நாள். அவள் பஸ்ஸில் இருக்கும்போதும் உன் வாரங்கள் தவறாமல் நகர்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேல் உன் அடக்கம். பதினெட்டு நிறைந்த பெண்ணுக்குக் கணவன் கையெழுத்து வேண்டாம் என்று நீதான் வைத்திருக்கிறாய். அவள் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்பதும் உன்னிடம் உண்டு. இவ்வளவு நல்லதை வைத்துக்கொண்டு வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க யாரால் முடியும்? ஆகவே, "புருஷன் எங்கம்மா? கையெழுத்து யாரு போடுறது?" என்ற கேள்வி நிற்கவில்லை. "கலைக்கணும்னா கையோட குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிக்க" என்பதும் நிற்கவில்லை. அதைக் கேட்டுத் திரும்பியவள் மருந்துக்கடை மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறாள். 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்பு 1.56 கோடி என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரையால். எப்படிப் போடுவது, எவ்வளவு உதிரம் போனால் ஓடிவர வேண்டும் என்று பக்கத்தில் சொல்ல ஆளில்லாமல். ஆஸ்பத்திரி வரிசையை இப்படி யாரால் குறைக்க முடியும்?

புகழ்ந்தது போதும். இதை வாசிக்கும் கிராம சுகாதாரச் செவிலியரே, தறிக்கூடத்துத் தோழியரே, நாள் தள்ளிப்போய் உங்களிடம் வருபவளிடம் இதை முதலில் சொல்லுங்கள்: பதினெட்டு நிறைந்தவளுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும்.