பதின்மூன்று வாரத்துக்கு ஒரு வீடு

அமெரிக்க மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை வரும்போது, ஏஜென்சி மூலம் வெளியூரிலிருந்து வந்து சில மாதம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர் ட்ராவல் நர்ஸ். செவிலியர்கள் மட்டுமல்ல, பிசியோதெரபிஸ்ட், எக்ஸ்ரே டெக்னீஷியன், சுவாச சிகிச்சை நிபுணர் என்று பலரும் இப்படி ஊர் ஊராகப் போகிறார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம், அதாவது ஆண்டில் கால் பங்கு. வாரத்துக்கு மூன்று ஷிஃப்ட், ஒவ்வொன்றும் 12 மணி நேரம். 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டால், ஒரே உரிமத்தை வைத்துக்கொண்டு அத்தனை மாநிலங்களிலும் செவிலியர் வேலை பார்க்கலாம். கலிஃபோர்னியா இன்னும் அதில் சேரவில்லை. உரிமம் இப்படி எல்லை தாண்டிவிடுகிறது. உரிமத்துக்கு உரியவர் ராத்திரி எங்கே படுப்பார் என்பதைப் பற்றி எந்த உடன்பாட்டிலும் ஒரு வரி கிடையாது.

13 வாரம் என்பது வாடகைச் சந்தைக்கு ஒவ்வாத அளவு. சாதாரண அபார்ட்மென்ட்காரர்கள் 12 மாத ஒப்பந்தம் கேட்பார்கள்; உள்ளே போனால் உட்கார ஒரு நாற்காலிகூட இருக்காது. ஓட்டலில் கட்டில் உண்டு, சோப்பு உண்டு, விரல் நீளத்தில் ஷாம்பு பாட்டிலும் உண்டு. மூன்று மாதத்து பில் வரும்போது, அதைப் பார்க்கிறவருக்குத் துணையாக இன்னொரு நர்ஸ் தேவைப்படும். இந்த இரண்டுக்கும் நடுவில், தட்டுமுட்டுச் சாமான்களோடு மாதக் கணக்கில் கிடைக்கும் வீடுகள்தான் நடுத்தரக் கால வாடகை வீடுகள். அவற்றைத் தேடுவது சம்பளமில்லாத இன்னொரு வேலை.

சட்டத்தின் கண்ணில் இந்த நடுத்தரக் காலம் பல இடங்களில் 30-ம் நாளில் தொடங்குகிறது. நியூயார்க் நகரம் 30 நாளுக்குக் குறைவாக வீடு விடுவதை 2023 செப்டம்பரிலிருந்து கடுமையாக ஒடுக்கியது: வீட்டுக்காரர் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், விருந்தினர் தங்கும்போது அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். இதனால் சுற்றுலாப் பயணிகளுக்கு வீடு விட்டுக்கொண்டிருந்த பலருக்குத் திடீரென்று நர்ஸுகள் மேல் பாசம் வந்தது. கலிஃபோர்னியாவில் 30 நாளைத் தாண்டித் தங்கியவருக்குக் குடித்தனக்காரரின் உரிமைகள் வந்துவிடும். அதற்குப் பயந்து சில விடுதிகள் 28-ம் நாள் ஆளை வெளியே அனுப்பி, கொஞ்சம் கழித்துப் புதிய ஆளைப் போல உள்ளே சேர்த்துக்கொள்ளும் வழக்கம் வைத்திருந்தன. அதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. டெக்சஸில் 30 நாள் தொடர்ந்து தங்குவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் மாநில ஓட்டல் வரி கிடையாது. ஃபுளோரிடாவில் அதே சலுகைக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் வேண்டும். ஆகவே அங்கே 13 வாரம் இரவு ஷிஃப்ட் பார்த்து, கடலை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காத நர்ஸும் சுற்றுலா வரி கட்டுகிறார்.

அடுத்தது பணம். சம்பளம் இரண்டாகப் பிரிந்து வரும்: வரி பிடிக்கும் மணிக்கூலி ஒன்று, வரி பிடிக்காத வீட்டுப்படியும் சாப்பாட்டுப்படியும் இன்னொன்று. படிக்கு உச்ச வரம்பாக ஏஜென்சிகள் எடுத்துக்கொள்வது, மத்திய அரசு தன் ஊழியர்களின் வெளியூர்ப் பயணத்துக்கு ஊர்வாரியாக வைத்திருக்கும் பட்டியலை. அக்டோபர் 1 தோறும் புதிய பட்டியல் நடப்புக்கு வருகிறது. இந்தப் படிக்கு வரி விலக்கு வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை உண்டு. சொந்த ஊரில் ஒரு வீடு இருக்க வேண்டும், அதற்கும் செலவு செய்துகொண்டிருக்க வேண்டும். வாடகை மிச்சம் பிடிக்கலாம் என்று ஊர் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினால், வருமான வரித்துறை அவரை ஊரற்ற நாடோடியாகக் கணக்கில் வைக்கும். வீட்டுப்படி முழுவதற்கும் வரி விழும். இரண்டு வீட்டுக்குச் செலவு செய்கிறவருக்குத்தான் வீட்டுக்கான சலுகை. ஒரே இடத்தில் ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்தே போகும் வேலைக்கும் அந்த விலக்கு கிடையாது. ஊரிலிருந்து 50 மைல் தள்ளிப் போனால் போதும் என்று மருத்துவமனைக் கான்டீன்களில் சொல்லிக்கொள்வார்கள். வருமான வரிச் சட்டத்தில் அப்படி ஒரு மைல்கல் இல்லை.

இந்தச் சம்பள ஏற்பாட்டில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. பெரிய அபார்ட்மென்ட் கம்பெனிகள் வாடகையைப் போல் மூன்று மடங்கு மாத வருமானத்தைக் காட்டச் சொல்வது வழக்கம். சம்பளச் சீட்டில் வரிக்குரிய கூலி மட்டும் பார்த்தால் அது சிறிய தொகை. கையில் நல்ல பணம் வரும் நர்ஸ், காகிதத்தில் ஏழையாகத் தெரிவார். வாடகை கட்ட வசதியில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பும் அலுவலகம், அந்த வாடகை கட்டத்தான் தனியாகப் படி வருகிறது என்பதை ஏற்காது.

தேடுகிற இடங்கள் பல. ஃபர்னிஷ்டு ஃபைண்டர் என்ற இணையதளம் இந்தத் தொழிலை நம்பியே வளர்ந்தது. வீட்டுக்காரர்கள் சந்தா கட்டி விளம்பரம் போடுவார்கள், வாடகைக்கு வருபவரிடம் தரகு கிடையாது. ஏர்பிஎன்பி 28 இரவும் அதற்கு மேலும் தங்குவதை நீண்ட காலத் தங்கலாக எண்ணித் தனி விதி வைத்திருக்கிறது. மாதக் கணக்கில் தங்குவோருக்கான ஓட்டல்கள் இன்னொரு வகை. அவற்றில் முன்னோடியான ரெசிடென்ஸ் இன் 1975-ல் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் தொடங்கியது. அறைக்குள்ளேயே சமையலறை வைத்ததுதான் அதன் விசேஷம். இதெல்லாம் சரிப்படாதவர்கள் சக்கரம் வைத்த வீட்டை வாங்கி வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு வீடு தேடும் கவலை இல்லை. அந்த வீட்டை நிறுத்த இடம் தேடும் கவலை மட்டும்தான்.

பருவமும் முக்கியம். ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் குளிர்காலத்தில்தான் ஆள் தேவை அதிகம். காரணம், பனிக்குப் பயந்து வடக்கு மாநிலங்களிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர்கள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். இறங்கியவர்கள் ஊரில் உள்ள சாமான் வைத்த வீடுகளையெல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்துக்கொள்வார்கள். பிறகு அவர்களில் சிலருக்கு நெஞ்சு வலிக்கும், சிலருக்கு இடுப்பெலும்பு முறியும். கவனிக்க வெளியூரிலிருந்து நர்ஸ் வருவார். அவருக்கு ஊரில் வீடு கிடைக்காது, ஏனென்றால் அந்த வீட்டுக்கு வாடகை கட்டியவர் அவருடைய வார்டில் படுத்திருக்கிறார்.

இனி, விளம்பரப் படங்கள். பத்துப் படம் போட்டிருந்தால் நான்கில் வீட்டுக்கு வெளியே உள்ள ஏரி இருக்கும், இரண்டில் அந்த ஏரியில் சூரியன் மறையும். அகலக் கோண லென்ஸில் எடுத்த படுக்கையறையில் கட்டிலைச் சுற்றி நடக்க இடம் இருப்பதாகத் தெரியும். நேரில் போனால் கட்டிலின் மேல் ஏறித்தான் அலமாரிக்குப் போக வேண்டும். கழிவறைப் படம் இல்லாத வீட்டில் கழிவறை இல்லை என்று பொருளல்ல, அது இன்னொரு குடித்தனத்தோடு பொது என்று பொருள். மருத்துவமனைக்கு ஏழு நிமிடம் என்று போட்டிருந்தால், அது ஞாயிறு அதிகாலையில், எல்லாச் சிக்னலும் பச்சையாக இருக்கும்போது எடுத்த கணக்கு.

சாமான்களோடு என்ற சொல்லுக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒவ்வோர் அளவு வைத்திருக்கிறார். வரவேற்பறையில் எட்டுத் தலையணை அடுக்கிய சோபா கட்டாயம் இருக்கும். வாழு, சிரி, நேசி என்று ஆங்கிலத்தில் எழுதிய மரப்பலகை சுவரில் தொங்கும். சமையலறையின் மேல் இழுப்பறையைத் திறந்தால் ஒயின் பாட்டில் திறக்கும் கருவி மூன்று, பீட்சா வெட்டும் சக்கரம் ஒன்று, தக்காளியைக்கூட நசுக்க மட்டுமே தெரிந்த கத்தி ஒன்று. கீழ் இழுப்பறையில் எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத ஐந்து மூடிகள். சோறு வடிக்க ஒரு பாத்திரம் மட்டும் இருக்காது. அதனால் அனுபவசாலிகள் நல்ல கத்தி, ஒரு வாணலி, ரைஸ் குக்கர், தலையணை நான்கையும் காரின் டிக்கியிலேயே நிரந்தரமாக வைத்திருப்பார்கள்.

வாடகை குறைய வேண்டுமென்றால் ஒருவர் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை எடுக்கலாம். இங்கே வாடகை பணமாக மட்டும் போகாது. குடிவந்த மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மாள் முழங்கால் வலியைப் பற்றிப் பேச்செடுப்பார். அடுத்த வாரம் அவருடைய ரத்தப் பரிசோதனை அறிக்கை சாப்பாட்டு மேசைக்கு வரும். அதற்கடுத்த வாரம், தோளில் உள்ள மச்சத்தைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்பார். 12 மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வருபவருக்கு இது 13-வது மணி. வாடகை ஒப்பந்தத்தில் இதற்கான பத்தி எதுவும் இருக்காது.

மோசடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேறு ஊரில் இருந்துகொண்டு, பார்க்காத வீட்டுக்கு, அவசரமாகப் பணம் கட்டத் தயாராக இருப்பவர் ட்ராவல் நர்ஸ். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் வாய்க்காது. விற்பனைக்கு இருக்கும் யாரோ ஒருவர் வீட்டின் படங்களை எடுத்துப் பாதி வாடகைக்குப் போடுவான். சாவி காட்டச் சொன்னால் வெளிநாட்டில் இறைப்பணியில் இருப்பதாகச் சொல்வான். வேறு இருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இன்றைக்கே முன்பணம் அனுப்புங்கள் என்பான். ஜெல் என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவை வழியாகவோ, வயர் ட்ரான்ஸ்ஃபராகவோ, பரிசு அட்டை எண்ணாகவோ கேட்பான். அப்படிப் போன பணம் பெரும்பாலும் திரும்பாது. படத்தை இணையத்தில் தேடி வேறெங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பது, கவுன்டி அலுவலகத்தின் சொத்துப் பதிவில் உரிமையாளர் பெயரைச் சரிபார்ப்பது, வீடியோ அழைப்பில் வீட்டுக்குள் நடந்து காட்டச் சொல்வது, இந்த மூன்றும் செலவில்லாத மருந்து. குழாயைத் திறந்து காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. இல்லாத வீட்டில் தண்ணீர் வராது.

வீடு கிடைத்தபின் தூக்கம் கிடைக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. எட்டரைக்குப் படுத்தால், ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுப் புல்வெளியில் இலை ஊதும் இயந்திரம் கிளம்பும். அதைத் தோளில் மாட்டிய ஆள் பத்து இலைகளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஊதுவார், அவை காற்றில் திரும்பி வரும், மறுபடி ஊதுவார். வீட்டுக்காரர் வாங்கி மாட்டிய வெள்ளை மெல்லிய திரை படத்தில் அழகாக இருந்தது. பத்து மணி வெயில் அதை ஒரு பொருட்டாக மதிக்காது. கடைசியில் நர்ஸ் சமையலறை அலுமினியத் தாளை எடுத்து ஜன்னல் முழுக்க ஒட்டிவிட்டுத் தூங்குவார். இது பரவலான வழக்கம். தெருவில் போகிறவர்கள் அந்த ஜன்னலைப் பார்த்து என்ன நினைக்கிறார்கள் என்பது தூங்குகிறவரின் கவலையல்ல.

எல்லாவற்றுக்கும் மேலான ஆபத்து வேலை ஒப்பந்தம் ரத்தாவது. நோயாளிகள் குறைந்தால் மருத்துவமனை முதலில் அனுப்புவது வெளியூர் ஆளைத்தான். அந்த ஒப்பந்தத்தை இரண்டு வார முன்னறிவிப்பில் முறிக்கலாம், சில சமயம் அதுவும் இருக்காது. வீட்டு ஒப்பந்தம் அப்படி முறியாது. ஐந்தாம் வாரத்தில் வேலை போனவர் மீதி எட்டு வாரத்துக்கு வாடகை கட்டியபடி, அந்த எட்டுத் தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அடுத்த ஊரில் வேலை தேட வேண்டியதுதான். ஆகவே மூன்று மாத வாடகையை மொத்தமாகக் கேட்பவரிடம் போகக் கூடாது. மாதாமாதம் கட்டும் ஏற்பாடும், வேலை ரத்தானால் வெளியேறலாம் என்ற நிபந்தனையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். வாய்வார்த்தையை நம்ப முடியாது. முதல் இரண்டு வாரம் ஓட்டலில் தங்கி, ஊரைப் பார்த்து, மருத்துவமனையின் போக்கைத் தெரிந்துகொண்டு பிறகு வீடு பிடிப்பவர்களும் உண்டு. செலவு கொஞ்சம் கூடும், நஷ்டம் குறையும்.

வீடு தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. வேலை போனால் வெளியேற முடியுமா, பகலில் இருட்டாகவும் அமைதியாகவும் இருக்குமா, காரை எங்கே நிறுத்துவது, சோறு வடிக்கப் பாத்திரம் உண்டா. ஏரியைப் பற்றி அதற்குப் பிறகு கேட்கலாம். முதல் கேள்விக்கு எழுத்தில் பதில் தருகிற வீடு, சோபா கிழிந்திருந்தாலும் நல்ல வீடு. தராத வீடு, ஜன்னலுக்கு வெளியே கடலே தெரிந்தாலும் வேண்டாம்.