கொய்யாவும் மூவரி அணிலும்: மறைமலை நகர் வீட்டுத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

மறைமலை நகரில் வீடு கட்டி, வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையே மிஞ்சிய ஐந்தடி மண்ணில் ஒரு கொய்யாப் பதியனை ஊன்றியவர் எவரும் மூன்றாம் ஆண்டில் தம்மை அறியாமலே அணிலியல் ஆய்வாளர் ஆகிவிடுகிறார். இதற்குப் பல்கலைக்கழகப் பதிவு வேண்டாம், நெறியாளர் வேண்டாம். காய் திரண்டு வெளுக்கத் தொடங்கும் வாரத்தில் ஆய்வுப்பொருள் தானே மதிலேறி வந்து, வாலை விறைத்துக்கொண்டு, ஆய்வாளரை ஏற இறங்கப் பார்க்கும். துறை இவ்வளவு பரவியிருந்தும் இதுகாறும் முறையான கட்டுரை ஒன்று வராதது தமிழுக்கு நேர்ந்த குறை என்று கருதி இது எழுதப்படுகிறது.

ஆய்வுக்களம் பற்றிக் கொஞ்சம். சென்னையின் நெரிசலைப் பங்கிட்டுக்கொள்ள, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் துணை நகரமாகத் திட்டமிடப்பட்ட ஊர் இது. காகிதத்தில் வரைந்த பிறகு கட்டிய ஊர் என்பதால் என்.எச்-1, என்.எச்-2 என்று பகுதிகளுக்கே எண் உண்டு. அணிலுக்கென்று எந்த எண்ணும் ஒதுக்கப்படவில்லை. அதனால் அது எல்லா எண்ணிலும் குடியிருக்கிறது. 2022-இல் இங்கிருந்த ஃபோர்டு கார்த் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியபோது ஊரே கலங்கியது. அணில் உற்பத்தியிலோ ஒரு ஷிப்டுகூடக் குறையவில்லை. சினைக்காலம் ஐந்தாறு வாரம், ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டி. பட்டறை, ஏ.சி. பெட்டியின் முதுகுப்புறம். மூலப்பொருள், நம் வாசல் மிதியடியின் தேங்காய் நார்.

இனி முன்னோர் ஆய்வுகள். முதலில் வைக்க வேண்டியது தொல்காப்பியம். அதன் மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர்களைச் சொல்லிவரும் இடத்தில், அணிலுக்கு வரி மூன்று என்பதையும் போகிற போக்கில் பதிவுசெய்து, அதை எலியோடும் வெருகோடும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் இதே அணிலுக்கு லத்தீனில் பெயர் வைத்தது 1766-இல். அவர் வழிவந்த விலங்கியலும் அணிலை எலியோடு கொறிக்கும் பிராணிகள் வரிசையில்தான் வைக்கிறது. ஆகவே, எலிக்குப் பங்காளி என்பதில் இரு மரபுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வேற்றுமை நம் வீடுகளில்தான். எலிக்குப் பொறி வைத்து வடைத்துண்டு செருகும் அதே பாட்டி, அணிலை மட்டும் ‘பிள்ளை’ என்பார்.

இந்தச் சலுகையின் மூலத்தைத் தேடினால் திருவரங்கத்துக்குப் போய்ச் சேருகிறோம். தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில், சேது கட்டும் வேலையில் அணில் செய்த உதவியைச் சொல்லி, அதைக் கபடமற்றது என்று சான்றளிக்கிறார். எதிர்க்கட்சி ஆய்வாளர்களுக்கு இது பெரிய இடி. ஏனெனில் அவரே ஒரு தோட்டக்காரர். அரங்கனுக்குத் துளசியும் பூவும் பயிரிட்ட நந்தவனம் அவருடையது. தோட்டக்காரரே சாட்சி சொன்ன பிறகு வேறென்ன வேண்டும் எனின், அற்றன்று. அவர் வளர்த்தது பூ. துளசியை அணில் தீண்டுவதில்லை. அந்த நந்தவனத்தில் ஒரு மாதுளை காய்த்திருந்தால் அந்தப் பாசுரம் எப்படி முடிந்திருக்கும் என்பதைச் சொல்ல இயலாது.

முதுகின் வரிகள் இராமன் தடவிய விரல்தடம் என்பது அதன் பிறகு வளர்ந்த வழக்கு. ஆழ்வார் வரிகளைப் பற்றிப் பேசவில்லை. இந்த வழக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தெற்கத்தி அணிலுக்கு மூன்று வரி, வடநாட்டு இனத்துக்கு ஐந்து. தடவியவர் ஒருவர்தான் என்றால் விரல்கணக்கு ஏன் இடிக்கிறது? வடக்கே அவர் நாள்பட இருந்ததால் ஐந்து விரலாலும் ஆறஅமரத் தடவினார், இங்கே போர் அவசரத்தில் மூன்றோடு நிறுத்திக்கொண்டார் என்று அமைதி காணலாம். இதைவிட நல்ல விளக்கம் வரும்வரை இதுவே நிற்கும்.

அடுத்து, ஊரின் பெயருக்குரியவர். இதே ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள், வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டு 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கொய்யாவும் சப்போட்டாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மாதுளை ஈரான் பக்கத்தது. நம் தோட்டங்களில் அணில் முதலில் கைவைப்பது இந்த வந்தேறிகளில்தான். அடிகளார் சொல்லில் செய்த களையெடுப்பை அணில் பழத்தில் செய்கிறது என்றொரு கருதுகோளை முன்வைக்கலாம் என்று ஆசை. ஆனால் மாமரம் வைத்திருப்பவர்கள் இதற்கு உடனே மறுப்பு எழுதுவார்கள். மா இந்த மண்ணுக்கே உரியது, அதையும் அணில் விட்டுவைப்பதில்லை.

‘அணில் கடிச்ச பழம்தான் இனிக்கும்’ என்ற நாட்டார் வழக்கை இங்கே கொஞ்சம் நின்று ஆராய வேண்டும். கடிப்பதால் இனிக்கிறதா, இனிப்பதால் கடிக்கிறதா? அணில் மோந்து பார்த்து, அந்தக் கிளையிலேயே கனிந்தது எதுவோ அதைத்தான் தேர்கிறது. நாம் நாளைக்குப் பறிக்கலாம் என்று கண்வைத்த அதே பழம். ஆகவே இனிப்பு முன்னது, கடி பின்னது. இதில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியின் நேர்மை தெரிகிறது. குறை என்னவென்றால், அதிகாரி ஒரு பழத்தை முழுதும் தின்று தீர்ப்பதில்லை. கால்வாசி கொறித்துவிட்டு அடுத்த மாதிரிக்குப் போய்விடுகிறார். நூறு கிராம் அளவே எடையுள்ள பிராணி முழுப் பழத்தைத் தின்னவும் முடியாது. தின்றது இவ்வளவு, கெடுத்தது அவ்வளவு என்ற தோட்டக்காரர் புலம்பலுக்குக் காரணம் அணிலின் பேராசை அன்று, அதன் வயிற்றின் சிறுமை.

விலக்கு முறைகளுக்கு வருவோம். பழமையானது அச்சுறுத்தல் மதம். பழைய சி.டி.யைக் கிளையில் தொங்கவிடுதல், பளபளக்கும் நாடா கட்டுதல், பிளாஸ்டிக் பாம்பு சுற்றுதல், ஆந்தை பொம்மை வைத்தல் ஆகியவை இதன் சடங்குகள். ஆந்தை அசையாது, பாம்பு ஊராது என்பதைச் சில நாளில் அணில் கண்டுகொள்கிறது. அதன் பிறகு ஆந்தையின் தலை, பழம் தின்ன வசதியான இருக்கை. இம்மதத்தைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

சுவை மதத்தினர் மிளகாய்ப் பொடியைக் கரைத்துப் பழத்தின்மேல் தெளிப்பர். இதற்கு அறிவியல் ஆதரவு உண்டு. மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்சைசின் பாலூட்டிகளின் வாயை எரிக்கும், பறவைகளுக்கு உறைக்காது. ஆகவே அணில் ஒதுங்கும். ஆனால் பச்சைக்கிளி வந்து, மெரினாவில் மாங்காய்ப் பத்தை தின்பவர்போல ருசித்துத் தின்றுவிட்டுப் போகும். ஐப்பசி மழை ஒன்று பெய்தால் தெளித்ததெல்லாம் வேருக்குப் போய்விடும். மீதி காரம், பழத்தைக் கழுவாமல் கடிக்கும் பேரப்பிள்ளைக்கு. நாப்தலின் உருண்டை கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது நஞ்சு, தின்னும் பண்டத்தருகே அதற்கு வேலையில்லை.

மிகவும் கௌரவமானது தகட்டு மதம். தென்னை விவசாயிகள் எலிக்காக மரத்தைச் சுற்றி வழவழப்பான தகரத் தகட்டை ஆணியடித்துக் கட்டுவார்கள். நகம் பதியாது, எலி வழுக்கி இறங்கிவிடும். தோப்பில் இது வேலை செய்கிறது. மரத்துக்கு மரம் இடைவெளி இருக்கிறது, தென்னைக்குக் கிளை இல்லை. கொய்யாவோ முழங்கால் உயரத்திலேயே கவைவிடும் மரம். தகடு கட்டத் தண்டு இல்லை. தண்டு இருந்தாலும் அணில் தண்டு வழியாக வருவதில்லை. மதிலிலிருந்து தாவும், சன்ஷேடிலிருந்து குதிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒயரில் வரும்.

இந்த ஆய்வின் மையம் இந்த ஒயர்தான். நம் தெருக்களை அண்ணாந்து பார்த்தால் டி.வி. கேபிள், இணைய ஒயர், இன்னொரு நிறுவனத்தின் இணைய ஒயர், காசு கட்டாமல் துண்டிக்கப்பட்டும் அவிழ்க்கப்படாத ஒயர் என்று மாடிக்கு மாடி, கம்பத்துக்கு மரம், மரத்துக்குக் கம்பம் ஒரு தனிச் சாலை அமைப்பே தெரியும். கீழே ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோயில் தொட்டுப் பொத்தேரி வரை வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்க, மேலே சிக்னல் இல்லாமல், சுங்கம் இல்லாமல் அணில் பறக்கிறது. தரை மட்டத்தில் நாம் எழுப்பிய மதில்களை அது பொருட்படுத்தாததற்குக் காரணம், அதன் போக்குவரத்து நம் தலைக்கு மேலே நடப்பதுதான்.

அரசியல் வரலாறும் இதற்குச் சான்று. 2021 ஜூனில், அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி மின்தடைக்குக் காரணங்களில் ஒன்றாக, கம்பிகளில் அணில் ஓடுவதைச் சொன்னார். தமிழகமே சிரித்தது, மீம்ஸ் போட்டு மாய்ந்துபோனார்கள். சிரித்தவர்கள் அமெரிக்க வரலாற்றைப் படித்திருக்கவில்லை. 1987 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரே ஓர் அணில் மின்சாரத்தை அறுத்ததில் நாஸ்டாக் பங்குச்சந்தை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றுபோனது. 1994-இல் மறுபடியும் நின்றது. வால் ஸ்ட்ரீட்டையே நிறுத்திய இனத்தை, வீட்டு ஒட்டடைக்குச்சியால் விரட்டப் பார்க்கிறோம்.

விரட்ட முடியும் என்பவர்கள் ஆஸ்திரேலியாவையும் பார்க்கலாம். பெர்த் நகர மிருகக்காட்சி சாலையிலிருந்து 1898-இல் வெளியே விடப்பட்ட நம் வடநாட்டு ஐந்து வரி அணில்கள் அங்கேயே பெருகி நிலைத்துவிட்டன. முயலுக்கு வேலி போட்ட நாடு அது. நம் அரசோ எதிர்த்திசையில் நடக்கிறது. சாம்பல் நிற மலை அணிலுக்கென்று 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயமே கொடுத்தது. பெரியப்பா மகனுக்கு மலையே கிடைத்திருக்கும்போது மறைமலை நகர் அணில் கேட்பது ஒரு கொய்யா மரம். இதை அத்துமீறல் என்று வழக்காடினால் நிற்காது.

அப்படியானால் பழமே கிடையாதா எனின், உண்டு. மரத்தைக் காப்பது வேறு, பழத்தைக் காப்பது வேறு. மரம் முழுக்க நைலான் வலை போர்த்துபவர்கள் அணிலுக்குப் பதில் சிட்டையும் சாரைப்பாம்பையும் பிடித்துவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்கிறார்கள். அதைவிடத் தனித்தனியாகக் காய்க்கு உறை போடுவது மேல். எலுமிச்சை அளவில் இருக்கும்போதே கட்ட வேண்டும். வாசனை கிளம்பிய பிறகு கட்டினால் பார்சல் கட்டிக் கொடுத்ததாக ஆகிவிடும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் இதற்கென்றே நெய்யப்பட்டவை என்று தோன்றும் அளவுக்குப் பொருந்துகின்றன; அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டால் போதும். பழ ஈயும் அண்டாது என்பது கூடுதல் லாபம். அணிலின் முன்பற்கள் ஆயுளெல்லாம் வளர்பவை, எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டியவை என்பதால் சில பைகள் கிழியத்தான் செய்யும். மாதுளைக்கு மட்டும் துணி போதாது, சன்னமான கம்பி வலை வேண்டும். ஏனெனில் மாதுளையைக் காயில் பறித்தால் பழுக்காது, மரத்திலேயே காத்திருக்க வேண்டிய பழம். சப்போட்டாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நகத்தால் தோலைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரியாவிட்டால் பறித்து அரிசி டிரம்மில் போட்டுவிடலாம். அணில் டிரம் திறப்பதாக இதுவரை தகவல் இல்லை.

முடிவு இதுதான்: மறைமலை நகரில் அணிலை மரத்திலிருந்து விலக்க முடியாது, பழத்தை அணிலிடமிருந்து மறைக்கலாம். எட்டாத உச்சிக்கிளைப் பழங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது மனத்துக்கு நல்லது. இந்த வட்டாரக் கேபிள்காரர்களுக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு: அடுத்த முறை ஒயர் இழுக்கும்போது தயவுசெய்து கொய்யாக் கிளையில் முடிச்சுப் போடாதீர்கள், பக்கத்திலேயே கம்பம் இருக்கிறது.